ரோமனாவுக்குக் கிடைத்த கடைசிப் படகு

“முன்னால கெரார்ட் போவான். கடைசிப் படகு ரோமனா” என்று சொல்லிவிட்டு, வின்சென்ட்டி தன் தெர்மாஸ் மூடியைத் திருகுவதில் மும்முரமாகிவிட்டார். மூடி ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது. ரோமனாவின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்றுதான் அதைத் திருகிக்கொண்டிருந்தார்.

எங்கள் படகு கிளப்பில் சட்டதிட்டம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இரண்டே விதி. முதல் படகை யாரும் முந்தக் கூடாது. கடைசிப் படகுக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் நீங்கள் பாடலாம், குடிக்கலாம், கட்டினவளோடு சண்டை போடலாம், யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள். முதல் படகில் போகிறவருக்குக் கௌரவம். கடைசிப் படகில் வருகிறவருக்கு மருந்துப் பை, மாற்றுத் துடுப்பு, இழுவைக் கயிறு, படகின் வாலில் ஒரு சிவப்புக் கொடி, அப்புறம் பொறுமை. அந்தக் கடைசிச் சாமான் ரோமனாவிடம் பிறந்ததிலிருந்தே இல்லை.

அக்டோபர் மாதம். பருவத்தின் கடைசிப் பயணம். பிர்டா ஆற்றின் மேல் பனிமூட்டம் இன்னும் எழுந்திருக்கவில்லை. மரக்கடைத் துறையின் சேற்றில் பத்துப் பன்னிரண்டு ஒற்றையாள் படகுகள் வரிசையாகக் கிடந்தன. இந்தப் பயணத்துக்கு ஒரு விசேஷம் இருந்தது. முழங்கால் தேய்ந்துபோனதால் வின்சென்ட்டி கமாண்டர் பதவியை விடுகிறார். ஆறு போய்ச் சேரும் நெட்டேரி என்ற ஏரியைக் கடந்து அக்கரையில் எல்லோரும் ஏறியதும், பிகோஸ் பானையின் மூடியைத் திறப்பார்கள். புளித்த முட்டைக்கோஸும் இறைச்சியும் வெந்த வாசனை கிளம்பும் அந்த நேரத்தில் அவர் தன் கழுத்தில் கிடக்கும் பித்தளை விசிலைக் கழற்றி அடுத்தவர் கழுத்தில் போடுவார். அடுத்தவர் ஒன்று கெரார்ட், இல்லையென்றால் ரோமனா. கெரார்ட் கூரை ஓடு விற்கிறவன். வாங்கின கார்பன் துடுப்பின் விலையை, கேட்காதவர்களுக்கும் சொல்கிறவன். ரோமனாவோ வருஷக்கணக்காக அந்த விசிலையே நினைத்துக்கொண்டிருப்பவள். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் அவளால் எதையும் மறைக்க முடியாது.

இன்று யார் முன்னால் போகிறார்களோ அவர்களுக்குத்தான் விசில் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். முன்னால் கெரார்ட்.

“தலைவரே, நான் என்ன தப்பு பண்ணினேன்?” என்று அவள் வின்சென்ட்டியை மறித்துக்கொண்டு கேட்டாள்.

“தப்பு ஒண்ணுமில்லம்மா. யாராவது ஒருத்தர் கடைசியில வரணும்ல.”

“வருஷம் பூரா வேற யாராவது வந்தாங்க. இன்னைக்குன்னு பார்த்து நானா?”

“தண்ணி குறைவா இருக்கு. விழுந்த மரம் நிறைய. பின்னால வர்றது அனுபவசாலியா இருந்தா நல்லது” என்றார் அவர். பொய் சொல்லும்போது அவருக்குக் காது சிவக்கும். சிவந்தது.

சாமான் வேனின் கதவில் சாய்ந்து நின்றிருந்த யத்விகாவுக்கு இந்த மாதிரிக் காட்சிகள் என்றால் உயிர். மூட்டை முடிச்சுகளையும் பிகோஸ் பானையையும் சாலை வழியாக அக்கரைக்குக் கொண்டுபோவது அவள் பொறுப்பு. “ரோமனா கடைசியில வர்றதைப் பார்க்க டிக்கெட் போட்டு விக்கலாம். வேனுக்கு நாலு டயரும் வாங்கிடுவேன்” என்றாள்.

“நீ பானையைச் சிந்தாம ஓட்டு, போதும்” என்று ரோமனா சொல்லிவிட்டுத் தன் படகை உதைத்துத் தள்ளினாள்.

ரோமனா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். எங்கள் ஊரில் பாதிப் பேர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்தவர்கள்தான். எந்நேரமும் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிறர் ஓட்டுவதைப் பார்த்துப் பார்த்து, அவளுடைய வலது காலுக்கு ஒரு வியாதி வந்துவிட்டது. சமையலறையிலும் தேவாலயத்திலும் அது தானாகவே இல்லாத பிரேக்கைத் தேடும். படுக்கையில்கூடத் தேடும் என்று போகுமில் சொல்வான். போகுமில் அவள் கணவன், தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவன். அவனுக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. ஆற்றில் இறங்கினால் அவன்தான் எப்போதும் கடைசி. அவள் அடுத்த துறைக்குப் போய்க் கூடாரம் அடித்து, தேநீர் குடித்து, ஈரத்துணியைக் கொடியில் போட்ட பிறகுதான் அவன் படகு வளைவில் தலை காட்டும். அதனால்தான் அவர்கள் கல்யாணம் நிலைத்தது என்று யத்விகா சொல்வாள். கல்யாணமான புதிதில் ஒருமுறை இருவரும் ஒரே படகில் போனார்கள். அவன் துடுப்பு போடும் விதத்தை இரண்டாவது வளைவுக்குள் அவள் அத்தனை தடவை திருத்தினாள். அவன் வாயே திறக்காமல் நடு ஆற்றில் இறங்கிக் கரைக்கு நடந்து போய்விட்டான்.

ஆக, இன்று கடைசிக்கு முந்தின படகு யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் வளைவிலேயே மற்றவர்கள் பனிக்குள் மறைந்துவிட்டார்கள். கெரார்டின் சிரிப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் தண்ணீர் மேல் வந்தது, பிறகு அதுவும் இல்லை. பிர்ச் மரங்களின் மஞ்சள் இலைகள் ஆற்றோடு போய்க்கொண்டிருந்தன. இலைகள்கூட போகுமிலை முந்திப் போயின. அதைப் பார்க்கப் பார்க்க ரோமனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் இரண்டு தள்ளு தள்ளி, தன் படகின் மூக்கால் அவன் படகின் வாலில் டொக்கென்று இடித்தாள்.

“போகுஷ், இதென்ன சவ ஊர்வலமா?”

“நிதானமா போறேன்.”

“நிதானமா இல்ல, நீ போகவே இல்ல. படகு இடதுபக்கமா இழுக்குது பாரு. நேரா வை.”

“படகு கொஞ்சம் கோணல்.”

“போன வருஷம் கோணல் இல்லையே.”

அவன் படகு இடது கரையை நோக்கி மூக்கை நீட்டும், அவன் வலதுபக்கம் துடுப்பை ஊன்றிப் பிடித்து அதைத் திருப்புவான், அது நேராகும், மறுபடி இடதுபக்கம் போகும். புதிதாகக் கார் பழகுகிறவர்கள் போல ஆற்றின் அகலம் முழுவதையும் கோடு போட்டுக்கொண்டு போனான். ரோமனாவின் வலது கால் படகுக்குள் பிரேக்கைத் தேடியது. முந்திப் போய்விடலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனால் கடைசிப் படகு முந்தினால் அது கடைசிப் படகு இல்லை. அந்த விதியை மீறியவளுக்கு விசிலும் இல்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை இடித்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் அவன் மணல்திட்டில் படகை ஏற்றினான்.

“இப்ப என்ன?”

“காளான். அந்தப் பைன் மரத்தடியில பாரு, மூணு.”

ஏரிக்கரையில் எல்லோரும் அவர்களுக்காகக் காத்துக்கொண்டிருப்பார்கள். ஏரியைச் சேர்ந்துதான் கடக்க வேண்டும். மேல்காற்று மதியத்துக்கு மேல் வலுக்கும் என்று காலையிலேயே வானொலியில் சொன்னார்கள். இவனுக்குக் காளான். அவன் படகைவிட்டு ஒருக்களித்து எழுந்து, துடுப்பைக் கையிலிருந்து விடாமலே அதை ஊன்றிக்கொண்டு மரத்தடிக்குப் போனான். மண்டியிட்டு, வலது கையால் காளானைத் திருகிப் பிடுங்கினான்.

“கத்தி எங்க? வேரோட பிடுங்குறே. அடுத்த வருஷம் முளைக்க வேண்டாமா? கத்தி வெச்சு அறுக்காம பிடுங்குறவனெல்லாம் மனுஷனான்னு நீதானே கேப்பே.”

“இன்னைக்குப் பிடுங்கலாம்னு தோணுச்சு.”

“உனக்கு என்னவோ ஆயிடுச்சு” என்றாள் அவள். அப்படிச் சொன்னபோது அதில் எந்த அர்த்தமும் இல்லை. வெறும் எரிச்சல்தான்.

மறுபடி தண்ணீர். வெயில் வந்து பனி கிழிந்தது. தலைக்கு மேல் கொக்குக் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டே தெற்கே போனது. அவையெல்லாம் எங்கேயோ போய்ச் சேரப் போகின்றன, தான் மட்டும் இங்கே ஒரு முதுகுக்குப் பின்னால் கட்டிப்போடப்பட்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. எரிச்சலில் எத்தனை நேரம்தான் மரத்தையும் இலையையும் பார்ப்பது. அவள் அந்த முதுகைப் பார்த்தாள்.

யோசித்தால் விசித்திரம்தான். அவனோடு எத்தனையோ ஆறுகளில் இறங்கியிருக்கிறாள், ஒரே படகில் போன அந்த இரண்டு வளைவைத் தவிர ஒருநாளும் அவன் துடுப்பு போடுவதைப் பின்னாலிருந்து பார்த்ததில்லை. எப்போதும் முன்னால் போய்விடுவாள். இப்போது நேரான நீட்டம், வெயில் வேறு. வேலை செய்து பழகிய கண், அவள் கேட்காமலேயே வேலையைத் தொடங்கியது. வலதுபக்கம் துடுப்பு ஆழமாக இறங்குகிறது, தோள் திரும்புகிறது, நீர் சுழிக்கிறது. சரி. இடதுபக்கம் இறங்குகிறது, ஆனால் இறங்கவில்லை. மேஜையைத் துடைப்பதுபோலத் தண்ணீரின் மேலாகத் துடைத்துவிட்டு வருகிறது. வலதுகைதான் தள்ளுகிறது, இடதுகை வெறுமனே கூடவே போகிறது. பழகும்போது ஒருவன் ஒருகையால் மட்டும் ஸ்டீரிங் பிடித்தால் அவளுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தால்கூடத் தெரிந்துவிடும். படகு கோணல் இல்லை. படகு நன்றாகத்தான் இருக்கிறது.

அப்போது ஒவ்வொன்றாக வந்து நின்றன. காலையில் ரொட்டியை அவளையே நறுக்கித் தரச் சொன்னான். சட்டையை விட்டுவிட்டுப் பொத்தான் இல்லாத கம்பளிச் சட்டையாகவே போட்டுக்கொண்டிருக்கிறான். அவளுடைய நீலக் கோப்பையைக் கீழே போட்டு உடைத்ததற்கு ஒரு நாள் முழுவதும் அவனைத் திட்டினாள். ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஆர்கனில் ஏதோ பழுது, சரிசெய்ய ஆள் வர வேண்டும் என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து ஊர்க்காரரை வாசிக்க விட்டிருக்கிறான். பழுதான ஆர்கனைப் பக்கத்து ஊர்க்காரர் மட்டும் எப்படி வாசிக்கிறார் என்று அவள் கேட்கவே இல்லை. அவள் எதைத்தான் நின்று கேட்டாள்.

ரோமனாவின் துடுப்பு பாதியில் நின்றது. பயம் என்று அதற்குப் பெயர் வைக்க அவளுக்கு இஷ்டமில்லை. ஆனால் பயம்தான்.

“போகுஷ்” என்று கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்த்தான். அந்த நேரம் பார்த்து ஆறு வளைந்தது, வளைவுக்குப் பின்னால் ஒரு மரம் குறுக்கே விழுந்து கிடந்தது.

வலது கரையோரம் ஒரு படகு நுழையும் அளவுக்கு வழி இருந்தது. மற்றவர்கள் அந்த வழியாகத்தான் போயிருக்க வேண்டும். அவன் படகு இடதுபக்கம் இழுத்தது. நீரோட்டம் அதைப் பிடித்துக் குறுக்காகத் திருப்பி, மரத்தோடு அப்படியே ஒட்டவைத்தது. தண்ணீர் படகின் விளிம்புக்கு ஏறத் தொடங்கியது.

“மரத்துப் பக்கம் சாய். துடுப்பை விடு, கிளையைப் பிடி” என்று அவள் கத்தினாள். “இடது கையால பிடி. துடுப்பை விடுன்னு சொல்றேன்ல.”

அவன் விடவில்லை. வலது கையால் மட்டும் கிளையை எட்டிப் பிடிக்கப் பார்த்தான். துடுப்பு குறுக்கே நின்று தடுத்தது.

ரோமனா படகைத் திட்டில் மோதவிட்டு இறங்கினாள். இடுப்பளவுத் தண்ணீர். அக்டோபர்த் தண்ணீர் காலைக் கடிக்கும், கொஞ்ச நேரத்தில் கால் இருக்கிறதா என்றே தெரியாது. அவள் மரத்தைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய், அவன் படகின் விளிம்பைத் தோளால் முட்டித் தூக்கினாள். படகு அசைந்தது. “கையைக் குடு” என்று அவனுடைய இடதுகையைப் பிடித்து இழுத்தாள். கை வரவில்லை. குளிர்காலத்தில் எல்லோரும் துடுப்புத் தண்டோடு சேர்த்து ஒட்டிக்கொள்வோமே, அந்தப் பெரிய கையுறை, அதற்குள் இருந்தது கை. அவள் ஒட்டைப் பிய்த்துக் கையுறையைத் திறந்தாள்.

உள்ளே, சைக்கிள் ட்யூபை வெட்டி எடுத்த ஒரு ரப்பர் பட்டை. அதை மூன்று சுற்றுச் சுற்றி, அவனுடைய இடதுகையைத் துடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தது.

ஒரு நிமிஷம் அவள் அதைப் பார்த்தபடியே நின்றாள். படகு கவிழ்ந்திருந்தால் அவனால் இந்தக் கையை விடுவித்திருக்க முடியாது. துடுப்பு மரத்தடியில் மாட்டியிருந்தால் அவனும் அங்கேயே. இதோடு இவன் நெட்டேரியின் அலையில் இறங்கப் போனான். ஆற்றில் இறங்கினால் உடம்பைப் படகோடோ துடுப்போடோ கட்டவே கூடாது என்று எங்கள் கிளப்பில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

“கட்டலைன்னா நழுவிடுது” என்றான் போகுமில். குரலில் ஒரு கூச்சம் இருந்தது.

“கத்தி எங்க?”

“பையில. எனக்குப் பின்னால.”

அவள் காளான் கத்தியால் ரப்பரை அறுத்தாள். பட்டைக்கு அடியில் தோல் வெளுத்து, கோடு விழுந்திருந்தது. விடுபட்ட கை அவன் மடியில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்தது. அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ரோமனா பேசாமல் இருப்பதை போகுமில் அதற்குமுன் பார்த்திருப்பானா என்பது சந்தேகம்தான்.

அவன் படகை மரத்திலிருந்து விடுவித்து வலது கரை வழியாக இழுத்துக்கொண்டுபோன பிறகு, ஏரிவரை இரண்டு படகுகளும் பக்கத்தில் பக்கத்தில் போயின. அவள் ஒரு கையால் அவன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், இன்னொரு கையால் துடுப்பைத் திசைக்கு மட்டும் வைத்துக்கொண்டாள். ஆறு இரண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. கடைசி வளைவுக்கு முன்னால் ஏரிக்கரைப் பேச்சுச் சத்தம் கேட்டது. அவள் பிடியை விட்டாள்.

“நீயே போ. நான் பின்னால வரேன்” என்றாள்.

அவன் இடதுகையை மறுபடி கையுறைக்குள் செருகிக்கொண்டு, தானாகத் துடுப்பு போட்டு, கோணலாகத்தான், எல்லோர் முன்னாலும் போய்ச் சேர்ந்தான். “வந்துட்டாருய்யா மாப்பிள்ளை” என்று யாரோ கத்தினார்கள். அவர்கள் எல்லோரும் நாணல் ஓரமாகப் படகுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஏரி சாம்பல் நிறமாக இருந்தது. நடுவில் அலைகளின் தலை வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது.

பின்னால் ரோமனா வந்தாள். இடுப்புக்குக் கீழே சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள்.

கெரார்டுக்கு அன்று கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் ஒன்றாக வந்ததுபோல் ஆனது. “ரோமனா, குளிச்சியா?”

அவள் ஏரியைப் பார்த்தாள். போகுமில் ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அவன் வலது கையால் கையுறையை மூடிப் பிடித்திருந்தான். கடக்க மாட்டேன் என்று அவன் வாயால் சொல்ல மாட்டான். அவனால் முடியாது என்று அவள் சொன்னால், ஏன் என்று பத்துப் பேர் கேட்பார்கள். அந்தக் கையைப் பத்துப் பேர் பார்ப்பார்கள். ஆர்கன் வாசிக்கிறவனின் கை.

“மரத்துல மோதிக் கவுந்துட்டேன்” என்றாள் ரோமனா. “தோள் பிசகிடுச்சு. என்னால ஏரியில இறங்க முடியாது.”

கெரார்ட் உடனே, “எங்களை எல்லாம் ஆமைன்னு சொன்ன ரோமனாவா? என் காதுல சரியாத்தான் விழுதா?” என்றான். ரெண்டு பேர் சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல்வரை சூடேறியது. பதிலுக்கு அவனைக் கிழிக்க நாக்கில் எட்டு வார்த்தை வரிசையில் நின்றது. எல்லாவற்றையும் விழுங்கினாள். விழுந்து எழுந்தவளுக்கு, அதுவும் கடைசிப் படகில் விழுந்தவளுக்கு, விசில் யார் கொடுப்பார்கள். அது போனது போனதுதான். நெஞ்சு வலித்தது, அது தோள் இல்லை.

“யத்விகாவை இங்க வரச் சொல்லுங்க. நான் வேன்ல வர்றேன். போகுஷ் என்கூட இருக்கட்டும், படகை ஏத்த ஆள் வேணும்.”

வின்சென்ட்டி அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நிதானமாகத்தான் பார்த்தார். அப்புறம் போகுமிலைப் பார்த்தார். கை தானாக விசிலைத் தொட்டுவிட்டு இறங்கியது. “சரி. கொடியை என்கிட்ட குடு. நான் கடைசியில வர்றேன்” என்றார். யத்விகாவுக்கு ஃபோன் போட்டார். பிறகு விசில் ஒருமுறை ஒலித்தது, கெரார்ட் முன்னால் பாய்ந்தான், படகுகள் எல்லாம் ஓரமாக ஒட்டிக்கொண்டு ஏரிக்குள் இறங்கின. சிவப்புக் கொடி சின்னதாகிக்கொண்டே போனது. ரோமனா அது மறையும்வரை பார்த்தாள்.

புதர் மறைவில் தன் படகுப் பையிலிருந்த உலர்ந்த துணியை மாற்றிக்கொண்டு வந்து, அவன் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட படகின்மேல் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். படகைச் சரிபார்த்தாள், கயிற்றைச் சுருட்டினாள், சுருட்டினதை அவிழ்த்து மறுபடி சுருட்டினாள்.

“கவுந்தவளுக்குத் தலைமுடி நனையாதா?” என்றான் போகுமில்.

அவள் தலையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது.

“வின்சென்ட்டி பார்த்துட்டார்” என்றான் அவன். சிரித்தான், பிறகு சிரிப்பை விட்டுவிட்டான். “நீ அவர் மேல கோபப்படாதே ரோமா. உன்னைக் கடைசியில போட்டது அவர் இல்ல.”

“வேற யாரு, போப்பாண்டவரா?”

“நான். போன வாரம் போய்க் கேட்டேன். ‘என்னை உயிரோட தின்னுடுவா’ன்னார். இருந்தாலும் சரின்னார். ஏன்னு கேக்கல.”

அவள் கையிலிருந்த கயிறு அப்படியே நின்றது.

“எதுக்குடா? அந்த விசில்... உனக்குத் தெரியாதா?”

“தெரியும். அதான் கேக்க ஒரு வாரம் யோசிச்சேன்.” அவன் இடது கையை வலது கையால் தூக்கி முழங்கால்மேல் வைத்தான். “நீ இதைப் பார்க்கணும்னு இருந்துச்சு.”

“வாய் இல்லையா உனக்கு? ஒரே மேஜையில உக்காந்து தின்னுறோம். ஒரே கட்டில்ல படுக்குறோம்.”

“சொல்ல வந்தேன். ஒருதடவை நீ கார் சாவியைத் தேடிட்டிருந்தே. ஒருதடவை ஷூ மாட்டிக்கிட்டே, வாசல்ல யாரோ கார் பழக வந்து நிக்கிறாங்கன்னே. இன்னொரு தடவை ‘சுருக்கமாச் சொல்லு’ன்னே.” அவன் தன் விரல்களைப் பார்த்தான். “இதைச் சுருக்கமாச் சொல்ல எனக்குத் தெரியல. கடைசிப் படகு முந்திப் போக முடியாதில்ல. அதான்.”

ரோமனா எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறாள், திருப்பியும் கொடுத்திருக்கிறாள். இது திட்டுகூட இல்லை. அவன் அதைச் சும்மா ஒரு தகவல்போலத்தான் சொன்னான். அதனால்தான் அவளால் தாங்க முடியவில்லை. முகத்தைக் கயிற்றோடு சேர்த்துக் கையில் புதைத்துக்கொண்டாள். காலையிலிருந்து அவன் படகின் வாலில் எத்தனை தடவை இடித்தாள் என்று நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு இடிக்கும் அந்தக் கட்டப்பட்ட கை அதிர்ந்திருக்கும்.

வேன் வந்தது. யத்விகா மேட்டிலேயே நிறுத்தி, கண்ணாடியை இறக்கினாள். “ஏறுங்க சீக்கிரம். பானை என்கிட்டதான் இருக்கு. அது போய்ச் சேராம அவங்க அங்க மூடி திறக்க முடியாது, விசிலும் குடுக்க முடியாது. கெரார்ட் இப்பவே ரெண்டு தடவை ஃபோன் பண்ணிட்டான், பசிக்குதாம்.”

ரோமனா எழுந்தாள். பழக்கம். எழுந்த பிறகுதான் போகுமில் எழுந்திருக்கவில்லை என்று பார்த்தாள். அவன் அவசரப்படவில்லை. ஆனால் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாவியைத் தேடும்போதும் ஷூ மாட்டும்போதும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பான்.

அவள் திரும்பி அவன் இடதுபக்கமாக உட்கார்ந்தாள். அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது குளிர்ந்திருந்தது. கனமாகவும் இருந்தது.

“யத்விகா, நீ வேனை அணைச்சுடு” என்று சத்தமாகச் சொன்னாள்.

“என்னது? அங்க பத்துப் பேர் பட்டினி.”

“கிடக்கட்டும்.” பிறகு போகுமில் பக்கம் திரும்பி, “இப்ப சொல்லு” என்றாள். “முதல்லேர்ந்து. எந்த விரல்ல ஆரம்பிச்சுது?”

“மோதிர விரல்” என்றான் அவன். “ஆகஸ்ட்ல, ஒரு ஞாயித்துக்கிழமைப் பூசையில.” அப்படித் தொடங்கி, அவனுக்கே உரிய நிதானத்தில் சொல்லிக்கொண்டு போனான்.

மேட்டில் யத்விகா இரண்டுதடவை ஹாரன் அடித்தாள். அக்கரையில் கெரார்ட் மூன்றாவது தடவை ஃபோன் பண்ணினான். ரோமனா எழுந்திருக்கவில்லை.